ஓசாகாவில் அமாவாசைச் சோறு

ஓசாகா மாநகரத்தில், ரயில் பாலத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொள்வதில்லை. வருஷம் பூராவும் சேர்ந்த கோபத்தை எல்லாம் காக்கைகள் மேல்தான் காட்டினார்கள். எரிக்கிற குப்பையை வெளியே போடுகிற நாளில் பைகளை ஒழுங்காக அடுக்கி, மேலே பச்சை வலையைப் போர்த்தி, வலையின் மூலைகளில் தண்ணீர் பாட்டிலைப் பாரம் வைத்துவிட்டுப் போவார்கள். காக்கை அதையும் மீறி மூக்கை நுழைத்து, பையைக் கிழித்து, மீன் முள்ளைத் தெருவெல்லாம் இறைத்துவிட்டுப் போகும். தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த இந்தப் போரின் நட்ட நடுவில், பாளையங்கோட்டையிலிருந்து ஓராண்டு மாணவர் பரிமாற்றத்தில் வந்து ஹமாதா அம்மாள் வீட்டு மாடியறையில் குடியிருந்த இசக்கியம்மாள் என்கிற பெண், ஓர் ஆடி அமாவாசைக் காலையில் பால்கனிக் கட்டையில் சோற்றை வைத்து, சந்தே கேட்கும்படி "கா... கா..." என்று எதிரியை விருந்துக்குக் கூப்பிட்டாள்.

பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நிலநடுக்கத்தில் விழாத கட்டடம் கட்டுவது எப்படி என்று படிக்க வந்தவள் அவள். அவள் வந்த வாரமே பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகம் அவளை உட்காரவைத்து, பாட்டிலை ஒரு பையிலும் அதன் மூடியை வேறொரு பையிலும் போட வேண்டும், நகரும் படிக்கட்டில் வலப்பக்கமாக நிற்க வேண்டும், ரயிலில் கைபேசியில் பேசினால் வானம் இடிந்து விழும் என்று ஒரு பகல் முழுக்கப் பாடம் நடத்தியது. காக்கையைச் சாப்பிடக் கூப்பிடக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அப்படிக் கூப்பிடுகிற ஜனம் உலகத்தில் உண்டென்று அந்த அலுவலகத்துக்குத் தெரியாது.

அவள் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா பரமசிவன், அவள் ஜப்பானுக்கு வந்த மூன்றாம் மாசம், மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடனே வா என்று பாதிச் சொந்தமும், வந்து என்ன ஆகப்போகிறது அங்கேயே இரு என்று மீதிச் சொந்தமும் ஒரே நேரத்தில் போன் பண்ணினார்கள். அவள் விமானம் தேடி முடிப்பதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. சித்தப்பா மகன் ஒருவன் கைபேசியில் சுடுகாட்டைக் காட்டுகிறேன் என்று கிளம்பிப் போய், பாதி நேரம் தன் கட்டைவிரலைத்தான் காட்டினான். இசக்கி அந்தக் கட்டைவிரலைக் கும்பிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அங்கே மொட்டை மாடியில் அண்ணன் சுடலைமணி இலை போட்டுச் சோறு வைத்துக் கூப்பிட, ஒரு காக்கையும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு எச்சிலையில் விழுந்து புரளுகிற காக்கை இந்த இலையைக் கண்டால் மட்டும் ஏதோ அவசர வேலை வந்ததுபோலப் பறந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற பிச்சம்மாள் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "பெத்த மவ வந்து மொகம் காட்டல. எந்தம்பி எப்படில எடுப்பான்? மனக்கொறையோட நிக்கான்." அண்ணன் அந்தத் தீர்ப்புக்கு வாய்தா மட்டும் வாங்கினான். புரட்டாசி மாளய அமாவாசை வரைக்கும் பார்ப்பது, அன்றைக்கும் காக்கை எடுக்காவிட்டால் இசக்கி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்து தன் கையால் சோறு வைப்பது. பாதியில் போனால் திரும்பி வர வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ராத்தூக்கம் போனது அதனால் அல்ல. அப்பாவுக்கு உண்மையிலேயே தன்மேல் கோபமா என்பது அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆகவே ஆடி அமாவாசையன்று அவள் குளித்து, ஜப்பான் அரிசியைக் குழையவிடாமல் வடிக்கப் பார்த்துத் தோற்று, பருப்பும் நெய்யும் ஊற்றிப் பிசைந்து, தட்டில் வைத்துக் கூப்பிட்டாள். காக்கைகள் வந்தன. வந்தவை அடித்துப் பிடித்துக்கொள்ளவில்லை. மின்கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் ஏற நிற்கிறவர்களைப் போல வரிசை கட்டி நின்றன. முதல் காக்கை கட்டையில் இறங்கித் தலை தாழ்த்தி வணங்கி, சாப்பிடுமுன் அந்த ஊரார் சொல்கிற நன்றியைக் கரகரத்த ஆண்குரலில் சொல்லிவிட்டு, நான்கு பருக்கை தின்று, அலகைத் துடைத்துக்கொண்டு, கீழே குனிந்து கேட்டது:

"ஏய், கேஸை அணைச்சியா?"

கீழே சிறுத்தைப்புலிப் படம் போட்ட சட்டையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஹமாதா அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஈரல் கெட்டுச் செத்துப்போன தன் புருஷனின் குரலை அவளுக்குத் தெரியாதா என்ன?

"அணைச்சாச்சு, அணைச்சாச்சு. நீங்க போனதுலேர்ந்து நான்தானே அணைக்கிறேன். ஏன்யா, செத்தவங்க வீட்டுக்கு வர்ற ஓபோனுக்கு இன்னும் நாள் கிடக்கே, அதுக்குள்ள என்ன அவசரம்? வர்றதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றதில்லையா? வீடு கிடக்குற கிடையைப் பாருங்க!" என்றவள், ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடி உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தாள்.

இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் காக்கை என்றால் செத்துப்போன பெரியவர்கள்தான் என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஓசாகாவின் செத்தவர்களும் அத்தனை காலமாக அதே கம்பியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒரு பிடி சோறு வைத்துக் கூப்பிடவில்லை, மரியாதை தெரிந்தவர்கள் ஆகையால் கூப்பிடாமல் அவர்கள் வரவில்லை, அவ்வளவுதான். இசக்கி கூப்பிட்டது தன் அப்பாவை. வந்தது அந்தச் சந்து.

ஒரு வாரத்துக்குள் குடியிருப்போர் சங்கம் கூடியது. சங்கத் தலைவர் நிஷிமுரா, ரயில்வேயில் கால அட்டவணை போட்டே தலைநரைத்து ஓய்வுபெற்றவர். செத்தவர்கள் எப்படி வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கம்பியில் என்பதைப் பற்றி மட்டும் மூன்று சுற்று தேநீர் குடித்துப் பேசினார்கள். முடிவில், எரிக்கிற குப்பை நாளில் முன்னோர்கள் வரக் கூடாது, வந்தால் வெறுங்காக்கைக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் யாராவது துடைப்பத்தால் அடித்துவிடலாம் என்று ஏற்பாடானது. அண்மையில் செத்தவர்களுக்கு ஒருநாள், செத்து வெகுகாலம் ஆனவர்களுக்கு ஒருநாள் என்று பிரித்தார்கள். மனக்குறையோடு செத்தவர்கள், பழைய சோபாவையும் துணி அலமாரியையும் குப்பைக்குப் போடுகிறவர்களைப் போல, முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுத்தான் வர வேண்டும். செத்தவர்கள் இந்த ஏற்பாட்டை முழுமனதோடு ஒப்புக்கொண்டார்கள் என்பதையும், உயிரோடு இருந்தபோதும் இதைவிட ஒழுங்காக அவர்கள் வரிசையில் நின்றதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகென்ன, வீட்டுக்கு வீடு கிண்ணம் கிண்ணமாக வந்தது. மீன்கடைக்காரரின் அம்மாவுக்கு இஞ்சி ஊறுகாய், முடிதிருத்துபவரின் மாமனாருக்குச் சூடான சாக்கே அரிசிமது, பள்ளிக்கூட ஆசிரியைக்கு உப்பில்லாத துவையல், செத்தும் அவருக்கு ரத்தக்கொதிப்பு இறங்கவில்லையாம். இசக்கி வீட்டு வாசலில் நன்றிக்காக வண்ணக் காகிதம் சுற்றிய பிஸ்கட் டப்பாக்கள் ஏறின. டப்பா வாங்கினால் பதில் டப்பா கொடுக்க வேண்டும் என்று ஹமாதா அம்மாள் சொன்னதால், அம்மா ஊரிலிருந்து அனுப்பிய முறுக்கை அவள் கொடுத்தாள். முறுக்குக்குப் பதிலாக இன்னொரு டப்பா வந்தது. அந்தச் சந்தில் உயிரோடு இருந்தவர்களுக்கு அதற்குமேல் வேறு வேலை இல்லாமல் போயிற்று. ஆகஸ்டில் ஓபோன் வந்தபோது, முன்னோர்கள் ஏறி வருவதற்கு வெள்ளரிக்காயில் குச்சி செருகிக் குதிரை செய்துவைக்கிற வழக்கத்தை இந்த வருஷம் என்ன செய்வது என்று மறுபடி சங்கம் கூடியது. சொந்த இறக்கையில் வருகிறவர்களுக்குக் குதிரை எதற்கு? இருந்தாலும் வைத்தார்கள். காக்கைகள் மரியாதைக்காக வெள்ளரிக்காயின் மேல் சற்றுநேரம் நின்றுவிட்டு இறங்கின.

அயல்நாட்டு மாணவர் அலுவலகமும் சும்மா இருக்குமா? அங்கிருந்த அம்மணி இசக்கியைக் கூப்பிட்டு, இதுவரை நடந்த பரிமாற்றங்களிலேயே இதுதான் தலைசிறந்தது என்று குனிந்து குனிந்து பாராட்டி, பண்பாட்டு நாளன்று நன்னடத்தை உள்ள இரண்டு மூன்று செத்தவர்களை மட்டும் அரங்கத்துக்கு அழைத்துவர முடியுமா, திரையில் படம் காட்ட வசதி இருக்கிறது என்று கேட்டார். பயணச் செலவுக்கான விண்ணப்பப் படிவத்தில் சொந்த இறக்கையில் பறந்து வருகிறவர்களுக்கு இடமில்லாததால் அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று.

இவ்வளவிலும் பரமசிவன் வரவில்லை.

ஒவ்வொரு நாளும் வரிசை முடிகிற வரைக்கும் இசக்கி காத்திருந்தாள். ஒவ்வொரு காக்கை இறங்கும்போதும், கழுத்தைச் சாய்க்கிற சாய்ப்பில், நடக்கிற நடையில், இதோ இதுதான் என்று அவள் நெஞ்சு ஒருமுறை எழும்பி விழுந்தது. "எங்க அப்பாவை எங்கேயாவது பார்த்தீங்களா? பரமசிவன்னு பேரு. இந்தியாவிலேர்ந்து வரணும்" என்று தன் பாடப்புத்தக ஜப்பானியத்தில் கேட்டாள். காக்கைகள் "இல்லை" என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஊரில் பிறந்து வளர்ந்து செத்தவர்கள் அப்படிச் சொல்வார்களா? தலையைச் சாய்த்து, அலகின் வழியாகக் காற்றை ஸ்ஸ் என்று உறிஞ்சி, "அது வந்து... கொஞ்சம்..." என்று பாதியில் விட்டுவிட்டு, மிச்சமிருந்த பருப்பைச் சாப்பிட்டார்கள்.

"உங்க அப்பா எப்படி இருப்பாரு?" என்று ஒருநாள் ஹமாதா அம்மாள் படியில் உட்கார்ந்து கேட்டாள்.

"வேன் ஓட்டுவார். ஓட்டும்போது பின்னால திரும்பித் திரும்பிப் பிள்ளைங்களோட பேசிட்டே ஓட்டுவார். நான் எங்கே போகணும்னு சொன்னாலும் ஏன்னு கேக்க மாட்டார், எத்தனை மணிக்குன்னுதான் கேப்பார்."

"உன்மேல கோவமா இருப்பாருன்னு நினைக்கிறியா?"

"தெரியல. அதைத்தான் கேக்கணும்."

ஹமாதா அம்மாள் சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தாள். ஓசாகாக் கிழவிகள் எந்தத் துக்கத்துக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். இசக்கி அதை வாயில் போட்டுக்கொண்டு அழுதாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஓபோனிலும் அதே மூன்று நாள் கணக்குத்தான். வந்தவர்கள் போய்விடுவார்கள், அதனால்தான் வரவேற்பு அவ்வளவு பலமாக இருக்கும். இங்கேயோ செத்தவர்கள் ஆவணி முடிந்தும் வந்துகொண்டிருந்தார்கள். சாப்பிட்ட வாய் சும்மா இருக்குமா? செத்தவர்கள் சண்டை போட்டிருந்தால்கூடச் சந்து தாங்கியிருக்கும். அவர்களோ எல்லாவற்றையும் மன்னித்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை, சந்து முழுக்கக் கூடியிருந்தபோது, நிஷிமுராவின் அம்மா வந்தாள். சின்னஞ்சிறு காக்கை. எழுபது வயசுத் தலைவரைப் பார்த்து, "கென் குட்டி, வயித்துல துணி சுத்திக்கிட்டியா? குளிர் ஏறிடும்டா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், தலைவரும் சிரித்தார். பிறகு அவள், "முதியோர் இல்லத்துல ஞாயிறுதோறும் உனக்காக உடுப்பு மாத்திட்டு உக்காந்திருப்பேன். வந்திருக்க மாட்டே. பரவாயில்லைப்பா, ரயில் வேலை. ரயிலைக் காக்கவைக்க முடியுமா?" என்று அன்போடு சொல்லிவிட்டு, தலைவணங்கி, பறந்துபோனாள். நிஷிமுரா கடிகாரத்தைப் பார்த்தார். மணி என்ன என்று அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அடுத்தடுத்து எல்லா வீட்டுக் காக்கைகளும் பரவாயில்லை சொல்ல ஆரம்பித்தன. கடையை விற்றாயா, பரவாயில்லை. கல்லறையைக் கழுவவில்லையா, பரவாயில்லை. நான் போன மறுமாசமே வேறொருத்தியைக் கொண்டுவந்தாயா, பரவாயில்லை, அவளும் நன்றாகத்தான் சமைக்கிறாள். ஒரு மனுஷன் எத்தனை பரவாயில்லையைத்தான் தாங்குவான்? சங்கம் மறுபடி கூடியது. சுகாதாரத்தையும் சந்தின் அமைதியையும் கருதி, மாடிப் பால்கனிக்குப் பச்சை வலை போடுவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். காரணம் என்ன என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நிஷிமுராவே பிஸ்கட் டப்பாவோடு இசக்கியின் வாசலில் வந்து நின்றார்.

"மிகவும் சங்கடமான விஷயம். வலை... உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்..."

"மாளய அமாவாசை வரைக்கும் விடுங்க. எங்க அப்பா இன்னும் வரலை" என்றாள் அவள்.

அவர் நீண்ட நேரம் குனிந்தே நின்றார். "மறுநாள் போடுகிறோம்" என்றார். "வராதவர்களுக்காகக் காத்திருப்பது கஷ்டம். எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியும்."

செத்தவர்களுக்கும் முறைப்படி சொல்லப்பட்டது. கம்பியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் குனிந்து, இத்தனை நாள் கவனித்துக்கொண்டதற்கு நன்றி சொல்லி, ஆற்றுப்பக்கமாகப் பறந்தார்கள். ஹமாதாவின் புருஷன் மட்டும் கொஞ்சம் தயங்கினார். "ஏய்..." என்று ஆரம்பித்தார். "போயிட்டு வாங்க. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றாள் அவர் மனைவி, கழுத்து வலிக்க மேலே பார்த்தபடி. அவரும் போனார். அதன்பிறகு அந்தச் சந்தில் காக்கைகள் வெறும் காக்கைகளாக மீன் முள்ளை இறைத்தன. ஜனங்கள் நிம்மதியாக அவற்றைத் திட்டினார்கள்.

மாளய அமாவாசை வந்தது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு என்றால் பரமசிவன் இரண்டு தட்டுச் சோறு கூடச் சாப்பிடுவார். ஜப்பான் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, இந்தியக் கடையில் வாங்கிய புளியைக் கரைத்து, இசக்கி காலையிலிருந்து சமைத்தாள். கட்டையில் தட்டை வைத்துக் கூப்பிட்டாள். மத்தியானம் வரை கூப்பிட்டாள். தொண்டை கட்டும் வரை கூப்பிட்டாள். கம்பி காலியாக இருந்தது. எதிர் வீட்டுக் கூரையில் ஒரே ஒரு காக்கை உட்கார்ந்து அவளைப் பார்த்தது; அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். அது ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் போட வேண்டிய வலை, பால்கனி மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

ஓசாகாவில் வெயில் தாழ்ந்தபோது, பாளையங்கோட்டையில் உச்சிப்பொழுது. கைபேசி அடித்தது. இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். திரையில் அம்மா கோமுவின் முகம், அதன் பின்னால் மொட்டை மாடி, இலை, சுற்றிலும் சொந்தங்கள், நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "கா... கா..." என்று அடிவயிற்றிலிருந்து கத்துகிற அண்ணன்.

"ஏ கோமு, இங்கன ஒண்ணும் வரக்காணம். அங்கன கேளு. இல்லன்னா டிக்கெட்டப் போடச் சொல்லு" என்று பிச்சம்மாள் அத்தையின் குரல் கேட்டது.

அம்மா கைபேசியை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தாள். "ஏட்டி, வந்தாவளா?"

வந்த வாக்கில் இசக்கியின் வாய் சொன்னது: "வந்தாவம்மா."

"சாப்ட்டாவளா?"

"சாப்ட்டாவ."

அம்மாவின் கண் இசக்கியின் முகத்திலிருந்து நகர்ந்து, தோளுக்கு மேலாகப் பின்னால் போய், அங்கேயே நின்றது. இசக்கி திரும்பிப் பார்த்தாள். பால்கனிக் கட்டையில் தட்டு நிறையச் சோறு, வைத்தது வைத்தபடி, குழம்பு ஊற்றிய குழி கூடக் கலையாமல் இருந்தது.

அம்மா மெல்லத் தலையைத் திருப்பினாள். "ஏலே சுடல, கத்துனது போதும், தொண்டையப் புண்ணாக்காத. உங்கப்பா சப்பான்ல போயி சாப்ட்டாவ. நான் இந்தா கண்ணால பாத்தம்லா, தட்டுல ஒரு பருக்க இல்ல. பொறவு இங்கன எப்படி வருவாவ?"

உடனே பிச்சம்மாள் அத்தை, "அதான பாத்தேன்! எந்தம்பிக்கு மவ மேல அம்புட்டு உசுரு, நான் அன்னைக்கே சொன்னம்லா!" என்று ஓங்கிய குரலில் தன் பழைய தீர்ப்பை மாற்றி எழுதினாள். சொந்தங்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். செத்தும் விமானச் செலவில்லாமல் வெளிநாடு போய்ச் சாப்பிட்டவரைப் பற்றி எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. பந்திக்கு இலை போடச் சொல்லி யாரோ கத்தினார்கள்.

அம்மா கைபேசியோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனாள். அவள் குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"உங்கப்பாக்கு என்னைக்குட்டி உம்மேல கோவம் வந்துருக்கு? கோட்டிக்காரி. படிப்ப முடிச்சுட்டே வா." மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தட்ட உள்ள எடு. ஆறிப் போயிருக்கும், லேசாச் சுட வச்சு நீ சாப்பிடு."